லீவு கிடைத்தும் நான் வராத காரணம்

ஆவடி,
21-3-1994

அன்புள்ள மகள் வசந்தகுமாரிக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கடவுள் கிருபையால் அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பொன்னியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, காரணம் என்னில் ஏழு உருப்படி குறைகிறது. பயப்படாதே, பற்கள்தான். வழக்கம்போல் இன்லண்டில் ஆரம்பித்தால் மடிக்கிற ஓரத்துக்கு வந்ததும் இடம் இல்லை என்று சாக்குச் சொல்லி உண்மையை விழுங்கிவிடுவேன் என்று அம்மாவே கடைக்குப் போய் முழுத் தாள் ஒரு குயர் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். ஒரு குயருக்கு என்னிடம் உண்மை இல்லை, இருப்பதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ போட்ட கார்டு வந்தது. மேலே அச்சடித்த கரும்பும் பானையும், கீழே உன் கையெழுத்தில் ஒரே வரி, அப்பாவின் மடி கிடைக்கும்வரை என் பெண்ணின் காது மூளியாகவே இருக்கட்டும் என்று. செப்டம்பரிலிருந்து நீ எங்களுக்கு எழுதியது மொத்தமே அவ்வளவுதான். அம்மா அதைப் படித்துவிட்டு, நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே காலண்டர் ஆணியில் குத்தி மாட்டிவிட்டாள். இரண்டு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். உன் கோபத்தில் ஒரு குற்றமும் இல்லை. உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடிக்குப் பதில் தாத்தா மடி போதும் என்று உன் மாமனார் பெரிய மனசோடு ஒப்புக்கொண்டு, ஆவணியில் நாள் பார்த்து, பத்திரிகை அடித்து, ஆசாரிக்குச் சொல்லி வைத்த பிறகு, லீவு கிடைக்கவில்லை என்று நான் தந்தி கொடுத்தேன். அம்மாவைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருந்தேன். வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று அங்கே எல்லோரும் சொல்லியும், வந்து உட்கார்ந்த ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து நீ திருப்பி அனுப்பிவிட்டாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். ஒரு மனுஷன் லீவு எடுத்தால் நின்றுபோகிற தொழிற்சாலையா அது என்று நீ கேட்டதாகவும் எழுதியிருந்தார். நிற்காது. நான் இல்லாத நாட்களில் அங்கே வேலை கொஞ்சம் வேகமாகவே நடக்கும் என்று கேள்வி.

லீவு கிடைத்தது வசந்தா. பன்னிரண்டு நாள் கேட்டேன், பன்னிரண்டு நாளும் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்ட அதிகாரி பேத்திக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பினார். அந்தச் சீட்டைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தபாலாபீசுக்குப் போய் லீவு கிடைக்கவில்லை என்று தந்தி எழுதினேன். தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்பதால் பொய்யைச் சுருக்கமாக முடித்துக்கொள்ள முடிந்தது. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்தாறு வருஷ உத்தியோகம், மற்றவர்கள் கடைந்து அனுப்புவதை அளந்து பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு, அப்படிப்பட்டவன் பெற்ற மகளுக்கே தப்புச் சீட்டு அனுப்பினேன்.

போன மே மாதம் நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தை பலூனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், நான் வாரி எடுத்து முத்தம் கொடுத்தேன், அவள் இரண்டு கையாலும் என் முகத்தைத் தள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டு, தாத்தா ச்சீ என்றாள். நீ சிரித்துக்கொண்டே, தாத்தா தாடி குத்துதா என்று அவளை வாங்கிக்கொண்டாய். நான் அன்று காலைதான் சவரம் செய்திருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் ஜபல்பூருக்குத் திரும்பும்வரை ஒன்பது நாள் அவள் என்னிடம் வரவில்லை, பிஸ்கட்டைக் காட்டினாலும் எட்டி நின்று கையை மட்டும் நீட்டினாள். எனக்கு அன்று அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். காது குத்தும்போது வலியில் குழந்தை முகத்தை எங்கே புதைக்கும், மடியில் வைத்திருக்கிறவன் கழுத்தில்தானே. உன் மாமனார் வீட்டு ஜனம் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் வலியையும் மறந்து மூக்கைப் பொத்திக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அதற்குப் பயந்துதான் அந்தத் தந்தி. வேறு ஒரு காரணமும் இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். ஈறில் ரத்தம் வருவதும் பல் ஆடுவதும் நான்கு வருஷமாக என்பது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். உன் பெண் மூக்கைப் பொத்தின பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவை பல் விளக்கினேன், பற்பொடி, உப்பு, வேப்பங்குச்சி எல்லாம் ஆயிற்று, விளக்க விளக்க ரத்தம்தான் வந்தது. அப்புறம் ஆட்களோடு நேருக்கு நேர் நின்று பேசுவதை நிறுத்தினேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சுருக்கமாக இரண்டு வார்த்தை சொல்வேன். இதனால் எனக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது பார், ரகுநாதன் சார் முன்னே மாதிரி இல்லை, அளந்துதான் பேசுகிறார் என்று பிரிவில் பேர் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் வாய் ஓயாமல் பேசி வராத பேர். வீட்டில் இன்னும் விசேஷம். ஆட்டுக்கறியை மெல்ல முடியவில்லை, அதனால் பெருமாளுக்காகச் சனிக்கிழமை கறி வேண்டாம் என்றேன், பிறகு செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்தன, தீபாவளிக்குள் முழுச் சைவம். பக்கத்து வீட்டு நாகம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைப் பக்தி முற்றின மனுஷன் என்று முடிவு செய்து, மார்கழி பஜனைக்கு முன்னால் நின்று பாடக் கூப்பிட வந்தாள். முன்னால் நின்று பாடினால் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எனக்குத்தான் தெரியும். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். சோற்றைக் குழையக் குழைய வடிக்கச் சொன்னதற்கு அம்மா ஏன் என்று கேட்கவில்லை, முறுக்கைப் பாலில் ஊற வைத்ததற்கும் கேட்கவில்லை, நான் சாமர்த்தியமாக மறைக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் ஹபிபுல்லாவைப் பற்றி எழுத வேண்டும். நீ அவரைப் பார்த்திருப்பாய், பூந்தமல்லிக்காரர், லேத்தில் புஷ் கடைகிறவர், ரம்ஜானுக்கு நம் வீட்டுக்குத் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டு வருவார். அவர் கடைந்த லாட்டை, அதாவது ஒரு தட்டு நிறைய அந்த இரும்பு வளையங்களை, என் மேஜைக்குக் கொண்டு வந்து வைப்பார், நான் அளந்து பாஸ் செய்ய வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும், இதுதான் எங்களுக்குள் இருபத்திரண்டு வருஷ உறவு. போன ஜூனிலிருந்து அவர் லாட்டோடு கூடச் சட்டைப் பையிலிருந்து இரண்டு லவங்கம் எடுத்து என் மேஜைமேல் வைக்க ஆரம்பித்தார். வாய்ல போட்டுக்கங்க சார், நல்லது என்பார். தினமும் இரண்டு. மற்ற யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கு மட்டும். நான் என்ன நினைத்திருப்பேன் சொல். இவ்வளவு காலம் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காத மனுஷன் இன்ஸ்பெக்டருக்கு லவங்கம் கொடுக்கிறான் என்றால் லாட்டில் கோளாறு இருக்கிறது என்று நினைத்தேன். லவங்கத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன், அதன் பிறகு அவர் லாட்டை மற்றவர்கள் லாட்டைவிட இரண்டு மடங்கு கறாராக அளந்தேன். லஞ்சத்துக்கு மசியாதவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு, ஆக மூன்று லாட்டைத் திருப்பி அனுப்பினேன். ஃபோர்மேன் மூன்றையும் மறுபடி அளக்கச் சொன்னார். மூன்றும் சரியாக இருந்தன. எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

ஹபிபுல்லா மேலே எழுதிக் கொடுத்திருந்தால் என் பாடு அவ்வளவுதான். அவர் அப்படிச் செய்யவில்லை, ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோபம் வந்தால்தான் என்னை நீ என்பார், அன்று நீ என்றார், ஆனால் குரல் கோபமாக இல்லை. சார், நா சொல்றத தப்பா எடுத்துக்காத, உன் வாயி ரொம்ப நாறுது சார், எட்டு மாசமா சொல்லணும்னு பாத்துகினு கீறேன், வாய் வரமாட்டேங்குது, லவங்கம் குடுத்தா நீயே புரிஞ்சிக்குவேன்னு பாத்தா நீ இன்னாடான்னா என் லாட்டத் திருப்பித் திருப்பி அனுப்பிச்சிகினு கீற என்றார். நான் சைக்கிள் பூட்டைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. எனக்கும் சக்கர கீது சார், எனக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி, எங்கூட்ல ஜமீலா மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சி, பல்லுக்கு வைத்தியம் பாக்கற வரைக்கும் பக்கத்துல வராதன்னுச்சி, அது சொன்னதாலதான் பொழச்சேன், உனக்கு யாரும் சொல்லலியா சார் என்று கேட்டார். எனக்கு ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருந்தாள், அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமலே, ஒரு வருஷமா சுவத்தைப் பாத்துத்தானே படுக்கறேன் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா நீங்க பல்லைப் பாக்க மாட்டீங்க, வீம்புக்குச் சாப்பாட்டைத்தான் நிறுத்துவீங்க என்றாள். பிறகு எழுந்து போய் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். என் லீவுச் சீட்டு, துவைத்து மங்கிப் போனது, கையெழுத்து மட்டும் தெரிந்தது. கால்சட்டையைத் துவைக்கும்போது கிடைத்ததாம், செப்டம்பரிலேயே. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க என் மூஞ்சியையும் பாக்க மாட்டீங்களே, அதான் வெச்சிருந்தேன் என்றாள். உன்னிடம்கூட அவள் சொல்லவில்லை பார். நீ அவள்மேலும் கோபமாக இருந்தாய், அதையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் கோபத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடு.

மறுநாள் அம்பத்தூரில் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். வரலட்சுமி என்று பேர், உன்னைவிட வயதில் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி, நுனி மழுங்கின மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். கம்பியில் மில்லிமீட்டர் கோடு போட்டிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, எங்கள் மேஜையிலும் ஆழம் பார்க்கிற கேஜ் உண்டு. டாக்டர் ஒவ்வொரு பல்லாக அளந்து எண்ணைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள், ஐந்து, ஏழு, ஆறு, எட்டு, எட்டு. எத்தனை வரை இருக்கலாம் என்று வாயில் கம்பியோடு கேட்டேன், மூன்று என்றார். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் பொருளை மேஜையில் கிடத்தி எண் சொன்னவன், அன்று நாற்காலியில் கிடந்து என் எண்ணைக் கேட்டேன். இந்தக் கேஜைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்டு வைத்தேன், டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போனார். கீழ் வரிசையில் நான்கு, மேலே மூன்று, ஏழும் எலும்பு கரைந்து நிற்கின்றன, எடுத்துவிட வேண்டும், மற்றவற்றைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றார். இது சர்க்கரையால் வந்தது, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். நான் பெருமையாக மாதா மாதம் பரிசோதித்த சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினேன். எல்லாம் நன்றாக இருந்தன. அவர் சீட்டைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், சீட்டு சரியா இருக்கு சார், ஈறுதான் ஒத்துக்க மாட்டேங்குது என்றார்.

அந்தச் சீட்டுகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் முதல் பாடம், சாம்பிளைச் செய்தவன் எடுத்துத் தரக் கூடாது, இன்ஸ்பெக்டர்தான் தட்டுக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் நல்லதாக நாலை மேலே அடுக்கி வைப்பது உலக வழக்கம். இதில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன் தெரியுமா. ஆனால் என் ரத்தம் என்று வந்தபோது சாம்பிளை நானே தயாரித்துக் கொடுத்தேன். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து கேழ்வரகுக் கூழும் பாகற்காயும்தான், காலையில் சேக்காட்டிலிருந்து ஏரிவரை நடை, சாயங்காலமும் நடை. மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய் போண்டாவும் சர்க்கரை போட்ட காப்பியும். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள் பிரிவு முழுக்க ஜாங்கிரிப் பொட்டலம் கொடுப்பார்கள், நானே இரண்டு பேர் பங்கை வாங்கிக்கொள்வேன். மாதத்தில் இரண்டு நாள் சந்நியாசி, மிச்ச நாள் விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை. அப்போது சர்க்கரைக்குப் பார்த்துவந்த டாக்டர் என்னைப் பாராட்டும்போதெல்லாம் அவரை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். ஏமாந்தது அவர் உடம்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

பல் டாக்டர் சர்க்கரையைச் சரியாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டதால் ஹபிபுல்லா தன் டாக்டரிடம் அழைத்துப் போனார். பூந்தமல்லியில் தேவராஜ் என்பவர். அவர் என் சீட்டுக்கட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, இப்போது புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, மூன்று மாதச் சராசரியை ஒரே நாளில் சொல்லிவிடும் என்று ரத்தத்தை எடுத்து வெளியே லேபுக்கு அனுப்பினார். நான் சீட்டுக்கட்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். எட்டுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றே கால் என்று வந்தது. ரெண்டு நாள் பட்டினி இதுகிட்ட செல்லாது என்று டாக்டர் சொன்னார், நான் எதுவும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார், என் மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாரோ. பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. சர்க்கரை இறங்கினால்தான் பல்லைப் பிடுங்குவேன், இல்லாவிட்டால் புண் ஆறாது என்று அம்பத்தூர் டாக்டர் சொன்னார். ஈறில் சீழ் இருக்கும்வரை என்ன மாத்திரை கொடுத்தாலும் சர்க்கரை இறங்காது, முதலில் வாயைச் சரி செய்துகொண்டு வாருங்கள் என்று பூந்தமல்லி டாக்டர் சொன்னார். அவர் கையெழுத்து இருந்தால்தான் இவர், இவர் கையெழுத்து இருந்தால்தான் அவர், நம் தொழிற்சாலையில் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் காகிதம் அலைவதுபோல் நான் மூன்று வாரம் பஸ்ஸில் அலைந்தேன். இரண்டு பேர் சொல்வதும் நியாயம், அதுதான் கஷ்டம்.

இதையும் ஹபிபுல்லாதான் தீர்த்தார். மூன்றாம் தடவை பூந்தமல்லி டாக்டர் அதையே சொன்னதும், அவர் மேஜைமேல் இருந்த போனைக் காட்டி, ரெண்டு டாக்டரும் ஒர்த்தரோட ஒர்த்தர் ரெண்டு வார்த்த பேசிக்கினா இன்னா சார், இந்த மனுசன் பேத்திக்குக் காது குத்தணும், கோச்சிக்காத என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் நம்பரை அவரே சுழற்றிக் கொடுத்துவிட்டார். டாக்டர்கள் நாலு நிமிஷம் பேசினார்கள். மூன்று வாரமாக முடியாதது நாலு நிமிஷத்தில் முடிந்தது. கொஞ்ச நாள் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது, அதே சமயத்தில் ஈறைச் சுத்தம் செய்து மருந்து கொடுப்பது, சர்க்கரை கொஞ்சம் இறங்கினதும் வாரத்துக்கு இரண்டு பல்லாக எடுப்பது. ஊசியை அம்மாதான் போடுகிறாள், கரப்பான் பூச்சியை அடிக்கத் தைரியம் இல்லாதவள் காலை ஏழு மணிக்கு என்னை உற்சாகமாகக் குத்துகிறாள். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்து நாகம்மா வீட்டு ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே நம் வரிசையில் இருக்கிற பதினாறு குவார்ட்டர்ஸுக்கும் என் பல், என் சர்க்கரை, என் பக்தியின் காரணம் எல்லாம் தெரிந்துவிட்டது. நான்கு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே வாரத்தில் ஊர் சொத்தாயிற்று, ஆனால் ஒன்று சொல்கிறேன், அதன் பிறகு எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

போன வியாழக்கிழமை ஏழாவது பல்லும் போயிற்று. சர்க்கரை பாதிக்கு இறங்கியிருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. வாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது ஹபிபுல்லாவின் வேலை. சனிக்கிழமைதோறும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஊது சார் என்கிறார், நான் ஊதுகிறேன், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பாஸ் சார் என்கிறார். அவர் லாட்டை நான் மூன்று தடவை அநியாயமாகத் திருப்பி அனுப்பியவன். அவர் என்னைக் கருணைக்காகப் பாஸ் செய்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. அம்மாவும் பரவாயில்லை என்கிறாள், அவள் ஒரு வருஷம் வாய் திறக்காமல் இருந்தவள், அவள் சொல்வதை எப்படி நம்புவது. முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் ஜபல்பூரில் இருக்கிறாள்.

சித்திரையில் ஏப்ரல் 20ஆம் தேதி மறுபடி நாள் பார்த்திருப்பதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார், ஆடிக்குள் குழந்தைக்கு மூன்று முடிகிறது, இதை விட்டால் அடுத்த ஒற்றைப்படை, ஐந்தாம் வயதுதான் என்றும் எழுதியிருந்தார். பல் செட் ஜூன் மாதத்துக்கு முன்னால் முடியாது, ஈறு முழுக்க ஆற வேண்டும் என்கிறார் பல் டாக்டர். ஜூனுக்குத் தள்ளிப் போடச் சொல்லலாமா என்று எனக்கு ஒரு நாள் பூராவும் யோசனை இருந்தது, மறைக்க மாட்டேன். வீடியோக்காரன் வருவான், உன் மாமனார் வீட்டில் எல்லோரும் வரிசையாகப் பல் தெரியச் சிரிப்பார்கள். பிறகு வெட்கப்பட்டேன். செட்டுக்காகக் காத்திருக்கவில்லை, வருகிறேன். பாட்டனுக்கும் பேத்திக்கும் பல் எண்ணிக்கை ஒன்றாகிவிட்டது என்ற கேலியை அம்மா, நாகம்மா, ஃபோர்மேன் மூன்று பேரும் சொல்லியாயிற்று, மாப்பிள்ளை வேறு ஏதாவது யோசிக்கட்டும். லீவு பன்னிரண்டு நாள் கிடைத்திருக்கிறது, என் பேச்சை நம்புவது கஷ்டம் என்பதால் சீட்டின் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவும் வருகிறாள். இட்டார்சியில் வண்டி மாறி 17ஆம் தேதி காலை வந்து சேர்வோம். மருந்தைப் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வருகிறோம், உங்கள் பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று விசாரித்து வை. தோடு வாங்கியாயிற்று, சின்னச் சிவப்புக் கல், அம்மா தேர்ந்தெடுத்தது. எனக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், ரசஞ்சோறு போதும், யாராவது கேட்டால் பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லாதே, பல் இல்லை என்றே சொல்.

நீ பொன்னியைச் சுமந்தபோது உனக்கும் கொஞ்சம் சர்க்கரை காட்டியது, பிரசவத்தோடு போய்விட்டது என்று எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார். அதற்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி கிடக்காதே, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போ, அந்த வித்தையில் உன் அப்பா வாத்தியார், அதனால் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கும் உன் மாமனார் மாமியாருக்கும் என் நமஸ்காரம். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள். நீயும் உன் பெண்ணும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று பெருமாளை உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மறக்காதே. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும், குழந்தையைக் கூட்டி வர வேண்டாம். ஒன்றரை நாள் ரயிலில் வந்த வாயோடு அவள் எதிரே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்து, வாயைச் சுத்தமாகக் கொப்பளித்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ அவளைத் தூக்கி என்னிடம் நீட்டாதே, தாத்தாவுக்கு முத்தம் கொடு என்று சொல்லாதே. மூன்று நாள் இருக்கிறது. அவளாக வந்தால் மடியில் வைத்துக்கொள்வேன். வராவிட்டால் யார் மடி அவளுக்குப் பிடிக்கிறதோ அங்கே வைத்துக் காது குத்துங்கள், நான் தோட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன், எங்கேயும் போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
கோ. ரகுநாதன்